சர்வர் அறையிலிருந்து போன் வந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

புதுச்சேரியில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் அறை அப்படியொன்றும் பெரியதில்லை. இரண்டு ரேக், நான்கு ஹோஸ்ட் (விஎம்களைச் சுமக்கும் சர்வர்கள்), டிஸ்க்குகள் அடுக்கிய ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, அவற்றின்மேல் அறுபது சொச்சம் விஎம் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் பிரித்த தனித்தனிக் கணினிகள்). மூன்று ஹோஸ்டில் விஎம்வேர், ஒன்றில் பிராக்ஸ்மாக்ஸ், இரண்டுமே அப்படிப் பிரித்துத் தரும் ஹைப்பர்வைசர் மென்பொருள். இது போக, விஎம்முக்கு மாற்றவே முடியாத பழைய பிசிகல் சர்வர் இரண்டு மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. என்னோடு வேலை பார்க்கும் தம்பிகளுக்கு அவ்வப்போது போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். பாடப்புத்தக வரிசை கிடையாது. எங்களுக்கு எது அடிக்கடி வருகிறதோ அதற்கு இடம் அதிகம்.

எந்தப் புகார் வந்தாலும் முதலில் நான் கேட்பது மூன்று கேள்விதான். ஒரே ஒரு விஎம்மில் மட்டும் பிரச்சினையா? ஒரு ஹோஸ்டில் இருக்கும் எல்லா விஎம்மிலுமா? எல்லா ஹோஸ்டிலுமா? ஒன்று என்றால் அந்த விஎம்முக்குள் பாருங்கள், இல்லாவிட்டால் அதற்கு ஒதுக்கியதைப் பாருங்கள். ஒரு ஹோஸ்ட் முழுக்க என்றால் இரும்பைப் பாருங்கள்: ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் கார்டு), மெமரி, கேபிள். எல்லாமே என்றால் ஸ்டோரேஜ், ஸ்விட்ச், கரண்ட், ஏசி. எந்த மாடியில் தீ என்று தெரியாமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இன்னொன்று, ரீபூட் செய்வதற்கு முன்னால் திரையை போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ரீபூட் செய்தால் பாதி தடயம் போய்விடும். அதன்பிறகு "எப்படி வந்தது" என்று மேனேஜர் கேட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

அறிகுறி: எல்லாமே ஒரே நேரத்தில் மந்தம், ஃபேன் அலறுகிறது

ஐப்பசி மாதம், இரவு பதினொன்றரை மணி. நைட் ஷிஃப்ட் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணே, எல்லா சர்வரும் ஸ்லோவா இருக்கு. இஆர்பி தொறக்கவே மாட்டேங்குது. நெட்வொர்க்தான் போச்சுன்னு நெனைக்கிறேன்."

"கரண்ட் போய் வந்துச்சா?"

"ஒம்பதரைக்குப் போச்சுண்ணே. யுபிஎஸ் தாங்குச்சு, ஜெனரேட்டரும் வந்துடுச்சு. இப்ப மெயின் கரண்ட்டே வந்துடுச்சு. எல்லாம் ஓடுது."

"போனை ரேக் பக்கத்துல புடி."

பிடித்தான். விமானம் கிளம்புகிற மாதிரி ஃபேன் சத்தம். அதற்குக் கீழே எப்போதும் கேட்கும் ஏசியின் உறுமல் இல்லை.

"ஏசி ஓடுதா பாரு."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "லைட் எரியுதுண்ணே... ஆனா காத்து வரல."

சின்ன சர்வர் அறைகளில் இது அடிக்கடி நடக்கும். சர்வருக்கு யுபிஎஸ் இருக்கும். ஏசிக்கு இருக்காது, ஏசியை யுபிஎஸ்ஸில் போடவும் கூடாது. கரண்ட் போய் வரும்போது பல ஸ்பிளிட் ஏசிகள் தாமாக மறுபடி ஓடாது, யாராவது ரிமோட்டை அழுத்த வேண்டும். சர்வர்களோ நிற்காமல் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். சர்வர் இழுக்கும் கரண்ட் மொத்தமும் சூடாகத்தான் வெளியே வரும். 3 கிலோவாட் லோடு என்றால் 3 கிலோவாட் ஹீட்டரை மூடிய அறையில் வைத்த மாதிரி. ஏசி கணக்கில் 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட். சிறிய அறை அரை மணிக்குள் கொதித்துவிடும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வெளியே இருப்பவருக்கு அது "நெட்வொர்க் ஸ்லோ" என்றுதான் தெரியும்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் ஏசியை ஓட விடுங்கள். ஸ்டெபிலைசர் சில நிமிடம் தாமதித்துத்தான் கரண்ட் கொடுக்கும், பதறி ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டே இருந்தால் அது மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். அடுத்து, சர்வரின் முன்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தின் வெப்பநிலையை ஐடிராக் அல்லது ஐஎல்ஓ (சர்வருக்குள்ளேயே இருக்கும் நிர்வாகச் சிப்) பக்கத்தில் பாருங்கள். ஏசி, காற்றோட்டத் தரங்களை வகுக்கும் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி. 32ஐத் தாண்டியிருந்தால் டெஸ்ட், டெவலப்மென்ட் விஎம்களை உடனே ஷட்டவுன் செய்யுங்கள். லோடு குறைந்தால் சூடும் குறையும். டேட்டாபேஸ் விஎம்மைத் தொட வேண்டாம், அது கடைசி.

கதவைத் திறந்து டேபிள் ஃபேன் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேறு வழியே இல்லாவிட்டால் வைக்கலாம். சூடான சர்வர்மேல் ஈரம் படியாது. ஆனால் கடற்காற்று உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். ஏசி ஓடத் தொடங்கிய பிறகும் கதவை மூட மறந்தால், குளிர்ந்த இரும்பின்மேல் ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வியர்த்துவிடும். கடலோர ஊரில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் மெமரி ஸ்லாட்டின் பின்களில் என்ன நடக்கும் என்பதை ஒரு பழைய சர்வரைக் கழற்றிப் பார்த்தால் தெரியும், பச்சைக் களிம்பு பூத்திருக்கும். காரணமே தெரியாமல் மாதம் ஒருமுறை மெமரி எரர் காட்டும் பழைய பெட்டிகளில் முதல் சந்தேகம் எனக்கு அதன்மேல்தான். மெமரியைக் கழற்றி, பின்களைத் துடைத்து, திரும்பப் போட்டால் சில மாதம் ஓடும். அறையின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பாருங்கள். ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மானி ஒன்றை ரேக்கின் முன்கதவில் தொங்க விடுங்கள்.

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் ஆட்டோ ரீஸ்டார்ட் உள்ள ஏசிக்கு மாறினோம். கூடவே அறை வெப்பநிலை 30ஐத் தொட்டால் போனுக்கு எஸ்எம்எஸ் வரும் ஒரு சின்னப் பெட்டியும் வைத்தோம். இரண்டாவதுதான் அதிகம் உதவியிருக்கிறது.

அறிகுறி: ஒரு விஎம் மட்டும் மந்தம், உள்ளே பார்த்தால் சிபியு சும்மா இருக்கிறது

அக்கவுன்ட்ஸ் மேடம் சொல்வார்: "தம்பி, ரிப்போர்ட் எடுக்க பத்து நிமிஷம் ஆவுது." விஎம்முக்குள் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 30 சதவீதம், மெமரி பாதி காலி. உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் நலம். ஆனால் அவன் காத்திருப்பது அவனுக்கே தெரியாது.

விஎம்வேரில் அந்த விஎம்மின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு ரெடி என்ற வரியைப் பாருங்கள். வேலை செய்யத் தயாராக இருந்தும் பிசிகல் கோர் கிடைக்காமல் விஎம் காத்திருந்த நேரம் அது. நேரடிச் சார்ட்டில் ஒவ்வொரு புள்ளியும் 20 வினாடிக்கானது, எண் மில்லி வினாடியில் இருக்கும். அதனால் 20,000ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும், பிறகு அந்த விஎம்முக்கு எத்தனை விசிபியுவோ (அதற்கு ஒதுக்கிய சிபியு) அத்தனையால் வகுக்க வேண்டும். எங்கள் ரிப்போர்ட் சர்வரில் 12,000 காட்டியது. மொத்தம் 60 சதவீதம், 8 விசிபியுவுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 7.5. ஒன்றுக்கு 5 சதவீதத்தைத் தாண்டினாலே பயனாளி உணர ஆரம்பித்துவிடுவார் என்பது வேலையில் இருப்பவர்களின் பொதுக்கணக்கு.

மேடமின் மேலதிகாரி கேட்டது இன்னும் 8 விசிபியு. நான் செய்தது 8ஐ 4ஆகக் குறைத்தது. சண்டைக்கே வந்துவிட்டார்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் "எல்லாரும் சேர்ந்துதான் உட்காருவோம்" என்று நின்றால், எட்டு இலை பக்கத்துப் பக்கத்தில் காலியாகும் வரை வாசலிலேயே நிற்க வேண்டும். இரண்டு பேராக வந்தவர்கள் இடையில் புகுந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, தாம்பூலமும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போதைய ஹைப்பர்வைசர்கள் அவ்வளவு கறார் இல்லை, கொஞ்சம் முன்பின்னாக உட்கார விடும். ஆனாலும் ஒருவர் ரொம்ப முன்னால் போய்விட்டால் மற்றவர் வரும்வரை அவரை நிறுத்தி வைக்கும். அந்தக் காத்திருப்பு கோ-ஸ்டாப் என்ற பெயரில் தெரியும். 4ஆகக் குறைத்த மறுநாள் ரெடி 1,600க்கு இறங்கியது, அதாவது ஒன்றுக்கு 2 சதவீதம். ரிப்போர்ட் மூன்று நிமிடத்தில் வந்தது. மேடம் மட்டும் இன்னும் நம்பவில்லை, நான் எதையோ ரகசியமாகக் கூட்டிவிட்டேன் என்றுதான் நினைக்கிறார்.

கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர்), அதன்மேல் ஓடும் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் என்றால் லினக்ஸ் விஎம்முக்குள் டாப் கமாண்டைப் போட்டு, சிபியு வரியின் கடைசியில் எஸ்டி (ஸ்டீல், அதாவது திருட்டு) என்று வரும் எண்ணைப் பாருங்கள். அதுவும் இதே திருட்டுக் கணக்குதான்.

ரெடியும் குறைவு, மந்தமும் போகவில்லை என்றால் லிமிட் பாருங்கள். யாரோ எப்போதோ டெம்ப்ளேட்டில் மெமரி லிமிட் 4 ஜிபி என்று வைத்திருப்பார்கள். அதிலிருந்து பிறந்த விஎம்முக்கு நீங்கள் 16 ஜிபி கொடுத்தாலும் ஹோஸ்ட் 4 ஜிபிக்குமேல் நிஜ மெமரி தராது, மீதியை பலூன் போட்டும் (விஎம்மிடமிருந்து மெமரியைத் திரும்பப் பிடுங்குவது) டிஸ்கில் ஸ்வாப் செய்தும் (மெமரியில் இருப்பதை டிஸ்கில் தள்ளி வைப்பது) சமாளிக்கும். ஹோஸ்டில் மெமரி கொட்டிக் கிடக்கும்போது ஒரே ஒரு விஎம்மில் மட்டும் பலூன் தெரிந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், லிமிட்தான்.

அறிகுறி: காலையிலிருந்து டிஸ்கில் எழுதுவது மட்டும் ஆமை வேகம், எரர் எதுவும் இல்லை

படிப்பது சரியாக இருக்கிறது, எழுதுவதுதான் இழுக்கிறது. ஒரு ஹோஸ்டில் உள்ள எல்லா விஎம்மிலும் அப்படி. லாக் சுத்தமாக இருக்கிறது. ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள்.

ரெய்டு கார்டு எழுத வேண்டியதைத் தன் கேஷில் (கார்டிலேயே உள்ள தற்காலிக மெமரி) வாங்கிக்கொண்டு "எழுதியாயிற்று" என்று உடனே பதில் சொல்லிவிடும், டிஸ்கில் பிறகு மெதுவாக எழுதும். இது ரைட் பேக். கரண்ட் போனால் கேஷில் இருப்பது அழியாமல் காக்கத்தான் பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால் கார்டு உஷாராகி ரைட் த்ரூவுக்கு மாறும். டிஸ்கில் நிஜமாக எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்லும். சுழலும் டிஸ்க் என்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பழைய கார்டுகள் சில மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியைத் தாமே வடித்து, திரும்ப நிரப்பிப் பரிசோதிக்கும். அந்தச் சில மணி நேரமும் இதே மந்தம் இருக்கும், பிறகு தானாகச் சரியாகிவிடும். அப்படியா, பேட்டரி நிஜமாகவே போய்விட்டதா என்பதை கார்டின் லாகில்தான் பார்க்க வேண்டும். ஹைப்பர்வைசர் லாகில் இது பல சமயம் வராது.

பேட்டரி இல்லாமலும் ரைட் பேக்கைக் கட்டாயமாக வைக்க ஒரு செட்டிங் இருக்கும். "அண்ணே, அதைப் போட்டேன், வேகம் வந்துடுச்சு" என்று பெருமையாக ஒரு தம்பி சொன்னான். அடுத்த கரண்ட் கட்டுக்குள் திருப்பச் சொன்னேன். யுபிஎஸ்ஸை நம்பி அதைப் போடுகிறவர்களுக்கு யுபிஎஸ் பேட்டரியின் வயது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆரஞ்சு விளக்கு எரியும் டிஸ்கை மாற்றுவது தனிக் கதை. சுருக்கமாக மூன்று. நேற்றைய பேக்கப் இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். எந்த டிஸ்க் என்று எண்ணிப் பிடுங்காதீர்கள், கார்டின் மெனுவில் லொகேட் கொடுத்து விளக்கைச் சிமிட்ட வைத்து, கண்ணால் பார்த்து எடுங்கள். ஒரு டிஸ்க் சாவதை மட்டுமே தாங்கும் ரெய்டு 5இல் நல்ல டிஸ்கை மாற்றிப் பிடுங்கினால் அத்தனையும் போச்சு. ரீபில்ட் (புது டிஸ்கை நிரப்பும்) நேரத்தில் மிச்ச டிஸ்க்குகள் ஓரம் முதல் ஓரம் வரை படிக்கப்படும், கூட வாங்கிய இன்னொரு கிழ டிஸ்க் அப்போதுதான் மண்டையைப் போடும். பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6 அல்லது 10 என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

அறிகுறி: விஎம் உறைந்து நிற்கிறது, "இடம் இல்லை" என்கிறது

டேட்டாஸ்டோர், அதாவது விஎம்களின் டிஸ்க் கோப்புகள் கிடக்கும் இடம், நிரம்பிவிட்டது. பத்தில் எட்டு முறை காரணம், யாரோ அப்டேட்டுக்கு முன்னால் எடுத்து மறந்துபோன ஸ்னாப்ஷாட் (விஎம்மை அந்த நொடியின் நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு).

ஸ்னாப்ஷாட் பேக்கப் அல்ல. அதை எடுத்த நொடியிலிருந்து பழைய டிஸ்க் கோப்பு பூட்டப்படும், புதிதாக எழுதுவதெல்லாம் டெல்டா கோப்பில் சேரும். அது வளர்ந்துகொண்டே போய், அசல் டிஸ்க் அளவைக்கூடத் தொடும். 72 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள் என்பது விஎம்வேரின் சொந்தப் பரிந்துரை. நாங்கள் கண்டுபிடித்த ஒன்றின் வயது 14 மாதம். பெயர் "டெம்ப்".

தின் டிஸ்கும், அதாவது முழு இடத்தையும் முன்கூட்டிப் பிடிக்காமல் எழுத எழுத வளரும் டிஸ்கும், இந்தக் கூட்டணியில் உண்டு. சீட்டுக் கம்பெனி கதைதான்: எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்காத வரை எல்லாம் நடக்கும்.

முதலில் செய்யக் கூடாதது: கோப்புப் பட்டியலைத் திறந்து, பெரிதாக இருக்கிறதே என்று டெல்டா கோப்பை அழிப்பது. அழித்தால் அந்த விஎம்மின் சங்கிலி அறுந்துவிடும்.

செய்ய வேண்டியது: கொஞ்சம் இடம் உண்டாக்குவது. டேட்டாஸ்டோரில் கிடக்கும் பழைய ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்க் நகல்) கோப்புகள் முதலில். அது போதாவிட்டால் முக்கியமில்லாத ஒரு விஎம்மை பவர் ஆஃப் செய்யுங்கள். விஎம்வேரில் ஓடும் ஒவ்வொரு விஎம்முக்கும் அதன் மெமரி அளவுக்கு, ரிசர்வேஷன் (அதற்கென்றே உறுதி செய்து வைத்த மெமரி) கழித்து, ஒரு ஸ்வாப் கோப்பு இருக்கும். 32 ஜிபி மெமரி உள்ள டெஸ்ட் விஎம்மை நிறுத்தினால் உடனே 32 ஜிபி இடம் கிடைக்கும். பலருக்கு இது தெரியாது. இடம் கிடைத்ததும் உறைந்த விஎம் கேட்கும் கேள்விக்கு ரீட்ரை கொடுங்கள். அது மூச்சு விட்டபிறகு ஸ்னாப்ஷாட்டை முறையாக டெலீட் செய்யுங்கள். டெலீட் என்ற பெயரில் உண்மையில் நடப்பது இணைப்பு வேலை. பெரிய டெல்டா என்றால் மணிக்கணக்கில் ஓடும், சதவீதம் ஒரே இடத்தில் நிற்கும். நிற்கட்டும். நடுவில் ஹோஸ்டை ரீபூட் செய்யும் வீரத்தைக் காட்ட வேண்டாம்.

இப்போது எங்கள் ஒவ்வொரு டேட்டாஸ்டோரிலும் 20 ஜிபி வெற்றுக் கோப்பு ஒன்று சும்மா கிடக்கிறது. அவசரத்துக்கு அதை அழித்தால் போதும், அடுக்குப் பானையில் பாட்டி ஒளித்து வைத்த காசு மாதிரி.

விஎம்முக்குள்ளேயே "இடம் இல்லை" என்று வந்து, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்டு மட்டும் பாதி காலி என்று காட்டினால் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவு) தீர்ந்திருக்கும், டிஎஃப்போடு மைனஸ் ஐ போட்டுப் பாருங்கள். டிஎஃப் நிரம்பியது என்று காட்டி, கோப்புகளைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைத்தால், அழித்த லாக் கோப்பை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டு காட்டிக்கொடுக்கும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்ப வரும்.

அறிகுறி: லினக்ஸ் விஎம் திடீரென ரீட் ஒன்லி

ஸ்டோரேஜ் சிறிது நேரம் காணாமல் போய்த் திரும்ப வந்திருக்கும். விஎம்முக்குள் இருக்கும் லினக்ஸ் டிஸ்கிடமிருந்து பதில் வராததால் பயந்துபோய்க் கோப்பமைப்பைப் பூட்டிக்கொண்டது. இப்போது ஸ்டோரேஜ் நன்றாக இருக்கிறது என்பதால் ரீமவுண்ட் செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முறையாக ரீபூட் செய்து எஃப்எஸ்சிகே (கோப்பமைப்பைச் சரிபார்க்கும் கமாண்டு) ஓட விடுங்கள். லினக்ஸ் டிஸ்க் டைம்அவுட் வழக்கமாக 30 வினாடி, விஎம்வேர் டூல்ஸ் (விஎம்முக்குள் போடும் துணை மென்பொருள்) போட்டிருந்தால் அது 180 ஆகும். ரீட் ஒன்லி ஆன விஎம்களில் டூல்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த நிமிடத்தில் ஸ்டோரேஜ் பக்கம் என்ன நடந்தது என்று தேடுவது. எங்களுக்கு ஒருமுறை அது ஸ்விட்சில் பாதி கழன்றிருந்த ஒரு கேபிள். ஹவுஸ்கீப்பிங் அக்கா துடைப்பத்தோடு போகும் வழியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. தப்பு அக்காமேல் இல்லை, கேபிளைக் கட்டாத எங்கள்மேல்.

அறிகுறி: பிங் போகிறது, வேலை நடக்கவில்லை

பிங் போகிறது, லாகினும் ஆகிறது, பெரிய கோப்பை அனுப்பினால் அப்படியே தொங்கிவிடுகிறது என்றால் எம்டியு, அதாவது ஒரு பொட்டலம் இருக்கக்கூடிய அதிகபட்ச பைட் அளவு. ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் 9000 வைத்திருப்பீர்கள், வழியில் ஏதோ ஒரு போர்ட் மட்டும் 1500இல் இருக்கும். சாதாரண பிங் சிறிய பொட்டலம், குறுகிய சந்திலும் நுழைந்துவிடும். துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு 8972 அளவில் பிங் அடியுங்கள். 9000இல் தலைப்புகளுக்கு 28 போக மிச்சம் அது. இது போகாமல் 1472 மட்டும் போனால் சந்தேகம் தீர்ந்தது.

ஹோஸ்ட் ஒன்றில் இருக்கும்போது விஎம் நன்றாக ஓடுகிறது, இரண்டுக்கு நகர்த்தினால் காணாமல் போகிறது என்றால், இரண்டாவது ஹோஸ்டின் ஸ்விட்ச் போர்ட்டில் அந்த விஎம்மின் விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) சேர்க்கப்படவில்லை. விஎம்முக்குள் எதையும் மாற்றாதீர்கள்.

விட்டு விட்டு வேலை செய்தால் ஐபி மோதல், அதாவது ஒரே ஐபி முகவரியில் இரண்டு மெஷின். அந்த விஎம்மின் நெட்வொர்க்கை துண்டித்துவிட்டு அதே ஐபிக்கு பிங் அடியுங்கள். பதில் வந்தால் இன்னொருவன் இருக்கிறான். உபுண்டுவை குளோன் செய்தால் இது சுலபமாக வரும். மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் முகவரி) வேறாக இருந்தாலும் மெஷின் ஐடி கோப்பு ஒன்றே என்பதால், ஐபி பங்கிடும் டிஎச்சிபி சர்வர் இருவரையும் ஒருவர் என்றே எண்ணி ஒரே ஐபியைக் கொடுத்துவிடும். டெம்ப்ளேட்டாக மாற்றும் முன் இடிசி அடைவில் உள்ள அந்தக் கோப்பைக் காலியாக்கி வையுங்கள்.

கட்டடமே செத்துவிட்டது, ஸ்விட்சில் எல்லா விளக்கும் தீபாவளி சீரியல் பல்பு மாதிரி சேர்ந்து சிமிட்டுகிறது என்றால், யாரோ மேசைக்கடியில் ஒரே கேபிளின் இரு முனையையும் சுவரிலேயே சொருகிவிட்டார்கள். சர்வரை விட்டுவிட்டு அந்த மாடிக்குப் போங்கள்.

அறிகுறி: கன்சோலில் ஹோஸ்ட் சாம்பல் நிறத்தில், ஆனால் விஎம்கள் ஓடுகின்றன

ஓடுகிற விஎம்களை பிங் செய்து உறுதிப்படுத்துங்கள். செத்தது நிர்வாக ஏஜென்ட் மட்டும்தான், ஹோஸ்டின் திரையில் அதை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் போதும். ரீபூட் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பூட் ஆகும் எஸ்டி கார்டு செத்துப்போயிருந்தாலும் ஹைப்பர்வைசர் மெமரியிலேயே பல நாள் ஓடும். நீங்கள் ரீபூட் செய்யும் நொடியில்தான் அது திரும்பி வராது. முதலில் விஎம்களை நகர்த்துங்கள், அல்லது நிறுத்தும் நேரத்தை எல்லோரிடமும் சொல்லி வாங்குங்கள்.

அறிகுறி: புயலுக்குப் பிறகு எதுவும் சரியாக எழவில்லை

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் எங்கள் தலைக்குமேலேயே வந்தது. கடலூரில் ஒரு கிளை இருக்கிறதே, பேக்கப்பை அங்கே வைக்கலாம் என்று ஒவ்வொரு வருட மீட்டிங்கிலும் யாராவது சொல்வார்கள். ஒரு மணி நேர பஸ் தூரம். ஒரே புயல் இரண்டையும் சேர்த்து வாரும். ஒரு நகல் கடற்கரையே இல்லாத ஊரில் இருக்கட்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் நாங்களாகவே எல்லாவற்றையும் முறையாக நிறுத்திவிடுகிறோம். தொல்லை திரும்ப எழுப்பும்போதுதான். அறையில் ஈரம் இருக்கும், முதலில் ஏசியை மட்டும் ஓட விட்டு மானி இறங்கும் வரை காத்திருங்கள். பிறகு ஸ்விட்ச். பிறகு ஸ்டோரேஜ், அது முழுக்க எழுந்து பச்சை காட்டும் வரை ஹோஸ்டைத் தொடாதீர்கள். இதில் அவசரப்பட்டு ஹோஸ்ட் முந்திக்கொண்டால் டேட்டாஸ்டோர் காணாது, ரீஸ்கேன் கொடுத்தால் வரும்.

ரீஸ்கேனுக்குப் பிறகும் வராவிட்டால், ஸ்டோரேஜை எந்தப் பெயரில் இணைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எங்கள் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஸ்டோரேஜ்) ஐபியால் அல்ல, பெயரால் இணைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெயரை ஐபியாக மாற்றித் தர வேண்டிய டிஎன்எஸ் சர்வர் ஒரு விஎம். அந்த விஎம் இருப்பது அதே என்எஃப்எஸ்ஸில். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. ஹோஸ்டின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயரையும் ஐபியையும் கையால் எழுதி அன்றைக்குத் தப்பித்தோம், பிறகு எல்லா இணைப்பையும் ஐபிக்கு மாற்றினோம். ஒரு டிஎன்எஸ் சர்வரை மட்டும் லோக்கல் டிஸ்கில் வைத்திருக்கிறோம்.

ஐஎஸ்சிஎஸ்ஐ (நெட்வொர்க் வழியாக வரும்) டிஸ்க் தெரிகிறது, டேட்டாஸ்டோர் தெரியவில்லை என்றால் இன்னும் நிதானம். லன் எண் (ஸ்டோரேஜ் அந்த டிஸ்குக்குக் கொடுக்கும் எண்) மாறியிருந்தால் விஎம்வேர் அதை நகல் என்று சந்தேகிக்கும். நியூ டேட்டாஸ்டோர் விசார்டில் போனால் மூன்று வழி காட்டும்: இருக்கும் சிக்னேச்சரை (டேட்டாஸ்டோரின் அடையாளம்) வைத்துக்கொள், புதிய சிக்னேச்சர் போடு, ஃபார்மட் செய். மூன்றாவதன் பக்கம் மவுஸே போக வேண்டாம். அசல் வேறெங்கும் மவுண்ட் ஆகவில்லை என்று உறுதியானால் முதலாவது.

அடுத்தது, பாஸ்வேர்டு சரியாக இருந்தும் யாருக்கும் லாகின் ஆகவில்லை என்ற புகார் வரும். கடிகாரத்தைப் பாருங்கள். பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த ஹோஸ்டில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் தேதி எங்கோ போய் நிற்கும். அது ஐம்பது ரூபாய் சிஆர்2032தான். விஎம் எழும்போது ஹோஸ்டின் நேரத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். நேர ஒத்திசைவை அணைத்து வைத்திருந்தாலும் பவர் ஆன் நேரத்தில் அப்படித்தான். எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரே விஎம் என்றால் அது தப்பு நேரத்தோடு எழுந்து, மற்றவர்களுக்கும் தப்பாகப் பரிமாறும். அந்த லாகின் சரிபார்ப்பு முறையான கெர்பராஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். சரிசெய்யும் வரிசை: ஹோஸ்ட், டொமைன் கன்ட்ரோலர், பிறகு மற்றவை. ஹோஸ்ட் நேரம் கேட்க வேண்டியது வெளியே இருக்கும் என்டிபி (நேரம் சொல்லும்) சர்வரிடம், ஃபயர்வாலில் யுடிபி 123 திறந்திருக்கிறதா பாருங்கள். தன் மடியில் ஓடும் விஎம்மிடம் ஹோஸ்ட் நேரம் கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வர் ஒன்று மட்டும் எழாவிட்டால், இரண்டு ஒயரையும் கையால் தடவிக்கொண்டே போங்கள். இரண்டும் ஒரே பிடியுவில் (ரேக்கின் பிளக் பட்டை) முடிந்தால் அந்த ஸ்பேர் சப்ளை அலங்காரம்தான். ஒவ்வொரு யுபிஎஸ்ஸிலும் லோடு 40 சதவீதத்துக்குள் இருக்கட்டும், ஒன்று போனால் இன்னொன்று 80இல் தாங்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பிட்டைத் தோண்டச் சொல்லுங்கள். எங்கள் மண்ணில் அந்தக் கம்பி துருப்பிடிக்க அதிக வருடம் எடுக்காது.

எழுப்பும் வரிசை, ஐபிகள், ஐடிராக் முகவரிகள், இவை அத்தனையும் பெரிய எழுத்தில் எழுதி லேமினேட் செய்த ஒரு தாள் ரேக்கின் உள்கதவில் ஒட்டியிருக்கிறது. வைஃபை இல்லாத, விக்கி இல்லாத, போன் டவரும் இல்லாத காலையில் அதுதான் வேலை செய்தது. டேட்டாபேஸ், பிறகு ஆப், கடைசியாக வெப். எல்லாம் எழுந்து மேடம் ரிப்போர்ட் எடுத்துவிட்டாலும் அன்றைக்கு நான் டிக்கெட்டை மூடுவதில்லை. நிறுத்தி வைத்திருந்த நாட்களில் பேக்கப் அட்டவணை குழம்பியிருக்கும். அன்றிரவு பேக்கப் ஓடியதா, அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று மறுநாள் காலை பார்த்த பிறகுதான் மூடுவேன்.